தாள் குத்தியாகும்போது: நூற்றியொரு ரூபா மஹரின் கணக்கு

மூத்தம்மா மௌத்தாகி இரண்டு மாதம் கழித்துத்தான் அவவின் பெட்டகத்தைத் திறந்தோம். உம்மாவும் சாச்சிமாரும் பெரிய மாமாவும் பாயில் இருந்தார்கள். உடுப்புகளுக்கு அடியில் இரண்டு சாமான்கள் கிடைத்தன. ஒன்று, நாலாக மடித்து மடிப்பெல்லாம் அறுந்துபோன காவின் பிரதி. மற்றது, பச்சைப் பட்டுத் துண்டில் போட்ட ஒரு முடிச்சு.

காவினில் மஹர் என்ற இடத்தில் நூற்றியொரு ரூபா என்று எழுதியிருந்தது. ஆண்டு 1952. மஹர் கையில் கொடுபடவில்லை, பிறகு கொடுபடும் என்ற குறிப்பும் இருந்தது. மூத்தப்பா 1991இல் மௌத்தாகிவிட்டார். அவர் அதைக் கொடுத்ததாக வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மூத்தம்மா கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

கொடுபடாத மஹர் கணவனின் தலையில் நிற்கும் கடன். சொத்தைப் பங்கு வைக்க முன்னர் தீர்க்க வேண்டிய கடன். இது நம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். தெரிந்தும் கைவிடுகிற சட்டம். பெரிய மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எழும்பிப் போய்ச் சட்டைப் பையைத் துழாவி, பிள்ளைகளிடமும் கேட்டு வாங்கி, பாயில் கொண்டுவந்து வைத்தார்.

"இந்தா, வாப்பாட கடன். நூத்தியொரு ரூபா. எண்ணிப் பாருங்க."

பத்து ரூபாக் குத்தி பத்து. ஒற்றை ரூபாக் குத்தி ஒன்று. மொத்தம் பதினொரு குத்தி. சின்னச் சாச்சி சிரித்துவிட்டா. உம்மா சிரிக்கவில்லை.

"முப்பத்தொம்பது வருசம் உம்மா அந்த மனிசனுக்கு ஆக்கிப் போட்டா. அவட மஹர் ஒரு றாத்தல் பாணுக்கும் காணாதா?" என்று மட்டும் கேட்டா.

மாமா பொய்க் கணக்குச் சொல்லவில்லை. காவினில் என்ன எண் எழுதியிருந்ததோ அதே எண்ணைத்தான் வைத்தார். ஆனாலும் அங்கே இருந்த எல்லோருக்கும் ஏதோ ஒன்று கொடுபடாமல் நின்றுவிட்டது என்று பட்டது. அது என்ன? 1952இல் தாளாக இருந்த ரூபா எப்படிக் குத்தியாகிப் பாயில் வந்து கிடந்தது? நான் படித்ததும் படிப்பிப்பதும் தமிழ், பொருளியல் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூத்தம்மாவின் முடிச்சை அவிழ்த்தபோது, விடை தேட வேண்டிய வழியும் அதற்குள்ளேயே இருந்தது.

முடிச்சில் நாலு காசு இருந்தது. ஒரு வெள்ளி ரூபா. ஓரம் கிழிந்தது போன்ற ஒரு சிறு கடுதாசித் துண்டு. எலிசபெத் மகாராணியின் தலை பொறித்த ஒரு ரூபாத் தாள் ஒன்று. மஞ்சள் நிற ஐந்து ரூபாக் குத்தி ஒன்று. இந்த நாலையும் வயது வரிசையில் வைத்தால் நம் நாட்டுக் காசின் நூறு வருட வரலாறு வந்துவிடும்.

வெள்ளி ரூபா

முதலாவது ரூபா நம் நாட்டில் அடித்ததல்ல, இந்தியாவில் அடித்தது. 1869இல் இந்திய வெள்ளி ரூபா இலங்கையின் சட்டபூர்வக் காசாயிற்று. 1872 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து கணக்கெல்லாம் ரூபாவிலும் சதத்திலும் நடந்தது. செப்புச் சதங்களும், 1892இலிருந்து 10, 25, 50 சத வெள்ளிக் குத்திகளும் இலங்கைக்கென்றே அடிக்கப்பட்டன. ரூபா மட்டும் இந்திய ரூபாவாகவே ஓடியது.

'சதம்' என்றால் நூறு. நமக்கோ அது நூறில் ஒன்று. ஆங்கிலச் சொல்லின் ஓசைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வடசொல், பொருளைத் தலைகீழாக்கிக்கொண்டு நம் நாக்கில் ஏறிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். காசைப் பற்றிய சொற்களே அப்படித்தான். சல்லி என்றால் மிகச் சிறிய காசு. நாமோ கோடீஸ்வரனையும் 'சல்லிக்காரன்' என்கிறோம்.

அந்த வெள்ளி ரூபாவின் நிறை 11.66 கிராம். ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கு ஸகாத் கடமையாகும் நிஸாப் 200 திர்ஹம். இன்றைய நிறையில் 595 கிராம் என்று கணிக்கிறார்கள். ஒரு ரூபாவில் இருக்கும் சுத்த வெள்ளி ஏறத்தாழ 10.7 கிராம். அப்படியானால் 56 வெள்ளி ரூபா கையில் ஒரு வருடம் நின்ற மனிதன் ஸகாத் கொடுக்க வேண்டியவன். வசதியுள்ளவன் என்று மார்க்கம் கணித்த எல்லை அது. இன்றைக்கு 56 ரூபா ஒரு பால் தேத்தண்ணிக்குக் காணாது.

தாளும் அந்தக் காலத்திலேயே உண்டு. முன்னர் தனியார் வங்கிகள்தாம் தாள் வெளியிட்டன. கோப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்த பிறகு, 1884இல் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் விழுந்தது. அதன் தாளை வைத்திருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பைக் கொடுத்தார். அதிலிருந்து தாள் வெளியிடும் உரிமை அரசாங்கத்திடம் போயிற்று. ஆனால் அரசாங்கம் அச்சிட்ட மிகச் சிறிய தாள் ஐந்து ரூபாவாகவே இருந்தது. ஏழை எளியவர்கள் புழங்கிய ஒரு ரூபாவும் சதமும் உலோகமாகவே இருந்தன. கூலியை வெள்ளியில் எண்ணி வாங்கினார்கள்.

முதலாம் உலக யுத்தத்தில் அது மாறிற்று. வெள்ளியின் விலை ஏறியது. காசை உருக்கினால் காசைவிடக் கூடக் கிடைக்கும் என்ற நிலை வந்தால் எந்தக் காசும் சந்தையில் நில்லாது. 1917இல் ஒரு ரூபா, இரண்டு ரூபாத் தாள்கள் வந்தன. 50 சதக் குத்தியில் ஆயிரத்துக்கு 800 பங்காக இருந்த வெள்ளி 1919இல் 550 பங்காகக் குறைந்தது. வெள்ளி ரூபா பெட்டகத்துக்குள் போயிற்று. மூத்தம்மாவின் ரூபாவும் அப்படிப் போனதுதான்.

மூன்று சதத் துண்டு

இரண்டாவது காசைப் பார்த்தால் காசு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். முத்திரை அளவுக்குச் சற்றுப் பெரிய கடுதாசி. ஒரு பக்க ஓரத்தில் கிழித்த அடையாளம். மூன்று சதம்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. நாடு முழுக்கப் படையினர். அவர்களின் செலவால் சில்லறைத் தேவை கூடியது. உலோகமோ யுத்தத்துக்குப் போயிற்று. அந்த வருடமே அரசாங்கம் 5, 10, 25, 50 சதத் தாள்களை வெளியிட்டது. ஐந்து சதத் தாளின் நடுவே துளையிட்டுக் கிழிக்க வசதி செய்திருந்தார்கள். கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மற்றப் பாதி மூன்று சதம்.

மூத்தம்மாவின் வாப்பாவுக்கு அப்போது சிறு கடை இருந்தது. "வெள்ளைக்காரன் சதத்தையும் கடுதாசி ஆக்கிப் போட்டான் மனே. மீன்காரன்ட ஈரக் கையில அது கூழாப் போயிரும். வாப்பா அடுப்படியில காயப்போட்டு எடுப்பார்" என்று அவ சொன்னது எனக்கு ஞாபகம். சின்ன வயதில் இதைக் கட்டுக்கதை என்று நினைத்திருந்தேன். அந்தத் துண்டைக் கையில் எடுத்தபோதுதான் அவவை நம்பாமல் விட்டதற்கு வெட்கப்பட்டேன். இரண்டு சதத்தை யாரோ செலவழித்துவிட்டார்கள். மூன்று சதம் எண்பது வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது.

சிறு தாளைப் போக்கிக் குத்தியைக் கொண்டுவருவது என்பதை நம் நாடு முதலில் கண்டது இந்தத் தாள்களின் விடயத்தில்தான். 1943இல் 25, 50 சதங்களும், 1944இல் வளைந்த ஓரம் கொண்ட 2, 10 சதங்களும் நிக்கல் கலந்த பித்தளையில் வந்தன. யுத்தம் முடிந்து சில வருடங்களில் சதத் தாள்கள் இல்லாமற் போயின. சனங்களுக்கு அது நிம்மதி. பிள்ளையின் கையில் கொடுத்தாலும் கிழியாது, மழையில் நனைந்தாலும் கரையாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1942வரை அடித்த 50 சதத்தில் பாதிக்குச் சற்று மேலாவது வெள்ளி இருந்தது. திரும்பி வந்த 50 சதத்தில் வெள்ளி இல்லை. உலோகம் திரும்பி வந்தது. உலோகத்தின் பெறுமதி திரும்பி வரவில்லை. கடுதாசியில் இருந்த வாக்குறுதியைப் பித்தளையில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

ஒரு ரூபாத் தாள்

மூன்றாவது, மஹரின் காலத்துத் தாள். 1950 ஓகஸ்ட் 28இல் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். 1951இல் ஜோர்ஜ் மன்னரின் படத்தோடு ஒரு ரூபா, பத்து ரூபாத் தாள்களை வங்கி வெளியிட்டது. 1952இல் மகாராணியின் படம் வந்தது. மூத்தம்மாவின் தாள் அதுதான். கலியாண வருடத்துத் தாள் என்பதால் வைத்திருந்தாவோ, தெரியாது.

அந்த ரூபா வெறும் கடுதாசி அல்ல. 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம், ஒரு ரூபா என்பது 2.88 கிரெய்ன் சுத்தத் தங்கம் என்று வரையறுத்தது. கிராமில் சொன்னால் 0.1866. தாளைக் கொடுத்துத் தங்கத்தை வாங்கிவர முடியாது என்பது உண்மை. ஆனாலும் ரூபாவுக்கு ஓர் அளவு இருந்தது, அது சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த அளவின்படி நூற்றியொரு ரூபா 18.85 கிராம் தங்கம். இரண்டு பவுணுக்கு மேல். இன்று ஒரு பவுண் இலட்சக் கணக்கில்.

தங்கம் வேண்டாம், அரிசியில் பார்ப்போம். 1952இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதம். 1953 ஜூலையில் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் அதை 70 சதமாக்கியது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு, ஒக்டோபரில் பிரதமரே பதவியை விட்டுப் போனார். ஒரு கொத்தில் 45 சதம் கூடியதற்கு ஓர் ஆட்சி ஆடிப்போன காலம் அது. அந்தப் பழைய 25 சத விலையில் நூற்றியொரு ரூபாவுக்கு 404 கொத்து அரிசி. பெரிய மாமா வைத்த நூற்றியொரு ரூபாவுக்கு இன்று அரைக் கிலோ அரிசியும் வராது.

ஆகவே 1952இல் எழுதிய மஹர் சொற்பமல்ல. மூத்தப்பா கஞ்சத்தனம் பண்ணவில்லை, மூத்தம்மாவின் வீட்டார் ஏமாறவுமில்லை. ஒரு சிறு குடும்பம் ஒரு வருடம் சமைத்துச் சாப்பிடக்கூடிய அரிசியின் பெறுமதியை அந்த மனிதர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். 'நூற்றியொரு' என்பது வெறும் சம்பிரதாய எண்ணாகச் சுருங்கியது பிறகுதான்.

அந்த ஒரு ரூபாத் தாள் 1963இல் குத்தியாயிற்று. மன்னர் தலை போய் இலங்கையின் அரச இலச்சினை வந்த தொடர் அது. ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியம். ஐந்தும் பத்தும் நிக்கல் கலந்த பித்தளை. 25, 50 சதங்களும் ஒரு ரூபாவும் செப்பும் நிக்கலும் கலந்தவை. ரூபாக் குத்தியின் நிறை 7.13 கிராம். நல்ல கனமான காசு. மேசையில் போட்டால் ஓசை வரும்.

இங்கே நியாயமாகவும் பேச வேண்டும். தாள் குத்தியாவதெல்லாம் வீழ்ச்சி அல்ல. 1963இல் டொலருக்கு 4.76 ரூபா என்ற பழைய விலையே இருந்தது. மாற்றத்துக்கு அடிப்படை சாதாரணக் காரணம். சிறு தாள்தான் ஒரு நாளில் அதிகம் கைமாறும். மீன் சந்தை, பஸ், தேத்தண்ணிக் கடை என்று ஓடி, விரைவில் கந்தலாகும். கந்தலைத் திருப்பியெடுத்து அழித்துப் புதிது அச்சிட வேண்டும். குத்தி அடிக்கச் செலவு கூட. ஆனால் அடித்தால் பல பத்து வருடம் ஓடும். எந்த மத்திய வங்கியும் இந்தக் கணக்கைத்தான் பார்க்கும். அதில் பிழையில்லை.

மஞ்சள் குத்தி

பிறகு வந்தவைதாம் வேறு கதை. 1967 நவம்பரில் ரூபா 20 வீதம் மதிப்பிறக்கம் செய்யப்பட்டது. 1977 நவம்பரில் ரூபா மிதக்க விடப்பட்டபோது டொலருக்கு 16 ரூபாவாயிற்று. மறு வருடமே ஐந்து சதமும் பத்து சதமும் பித்தளையிலிருந்து அலுமினியத்துக்கு இறங்கின. ஒரு சதமும் இரண்டு சதமும் நின்றுபோயின. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த ஐந்து சதம் அந்த அலுமினியச் சதுரம். அதை வைத்து ஒன்றும் வாங்கியதில்லை, சுண்டி விளையாடியதுதான்.

1984இல் இரண்டு ரூபாவும் ஐந்து ரூபாவும் புழக்கக் குத்திகளாக வந்தன. 1976இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்கு இதே பெறுமதிகளில் ஞாபகார்த்தக் குத்தி வெளியிட்டிருந்தார்கள், அது வேறு. 1984க்குப் பின்னர் வந்த புதிய தாள் தொடர்களில் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடமில்லை.

ஐந்து ரூபாக் குத்தி மஞ்சளாய், தடிப்பாய், கனமாய் இருந்தது. அதைப் பெருநாள் காசாக மூத்தம்மா தந்தபோது நாங்கள் பவுண் என்றே நம்பினோம். தொழுதுவிட்டு வந்து ஸலாம் சொல்லிக் கை பிடித்தால் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிடுவா. பத்து வயதானதும் எங்களுக்கு விவரம் வந்துவிட்டது. "மூத்தம்மா, குத்தி வேணாம், தாள் தாங்க" என்று கேட்டோம். தாள் என்றால் குறைந்தது பத்து ரூபா என்பது பிள்ளைகளுக்கும் விளங்கிவிட்டது. எது தாள், எது குத்தி என்பதே பெறுமதிக்கு அளவுகோலாயிற்று. அவ சிரித்துக்கொண்டு பத்து ரூபாத் தாளை எடுப்பா. அந்த மஞ்சள் குத்தி முடிச்சுக்குள் போனது அப்படி நாங்கள் வேண்டாம் என்ற ஒன்றாகவும் இருக்கலாம்.

பத்து ரூபாவுக்கும் அதே முறை வந்தது. 1998இல் சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டுக்கு ஞாபகார்த்தக் குத்தி. 2010இல் பதினொரு மூலை கொண்ட புழக்கக் குத்தி. 2011இல் வந்த புதிய தாள் தொடர் இருபது ரூபாவிலிருந்து தொடங்கியது. 2020இல் மத்திய வங்கியின் 70ஆம் ஆண்டை முன்னிட்டு இருபது ரூபாவிலும் குத்தி வந்துவிட்டது. இருபது ரூபாத் தாளும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இதற்கிடையில் செப்பும் நிக்கலும் போய் உருக்கின்மேல் முலாம் பூசிய குத்திகள் வந்தன. 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் கூடியிருந்தது. இப்போது கடையில் ஒரு ரூபா, இரண்டு ரூபா மிச்சத்துக்கு டொபிதான் தருகிறார்கள்.

வரிசையைப் பாருங்கள். 1917இல் வெள்ளி தாளானது, வெள்ளியின் விலை ஏறியதால். 1942இல் சதம் தாளானது, உலோகம் கிடைக்காததால். 1984க்குப் பிறகு தாள் குத்தியானதோ, தாளின் பெறுமதி சில்லறையின் இடத்துக்கு இறங்கியதால். யாரும் அதைப் பிரகடனம் செய்வதில்லை. புதுக் குத்தி வந்துள்ளது, அழகாக இருக்கிறது, நீண்டகாலம் பாவிக்கலாம் என்றுதான் நாமும் பேசிக்கொள்கிறோம். ஆனால் ஒரு தாள் குத்தியாகும் நாள், அந்தத் தாளின் பெயரில் முன்னர் எழுதிய ஒவ்வொரு வாக்குறுதியும் சுருங்கிவிட்டது என்று வெளியே தெரியவரும் நாள்.

தப்ரீஸும் கெய்ரோவும்

இந்தக் கணக்கை வீட்டில் சொன்னபோது என் மச்சான் ஒருவர், "அதான் சொல்றம், தாள் காசே ஏமாத்து. தங்க தீனாருக்கும் வெள்ளி திர்ஹத்துக்கும் திரும்பினாச் சரி" என்றார். இந்தக் குரலை நம்மிடையே அடிக்கடி கேட்கலாம். வரலாற்றில் அதற்கு ஆதாரமும் உண்டு, மறுப்பும் உண்டு.

ஆதாரம் தப்ரீஸ் நகரத்தில் இருக்கிறது. 1294இல் ஈரானை ஆண்ட மங்கோலிய இல்கான் கைகாத்துவின் கஜானா காலியாயிற்று. வஸீர் ஸத்ருத்தீன் ஸஞ்சானியின் யோசனையில், சீனத்தைப் பார்த்து 'சாவ்' என்ற தாள் காசை வெளியிட்டார்கள். அரைத் திர்ஹத்திலிருந்து பத்துத் தீனார் வரை. தாளில் கலிமாவையும் அச்சிட்டார்கள். வாங்க மறுத்தால் மரண தண்டனை. முஸ்லிம் வியாபாரிகள் கலிமாவை மறுத்தார்களா? இல்லை. தாளை மறுத்தார்கள். கடைகள் மூடின, சந்தையில் சாப்பாட்டுச் சாமான் இல்லை, சனங்கள் ஊரை விட்டுப் போனார்கள். இரண்டு மாதமளவில் அரசு தாளைக் கைவிட்டு உலோகக் காசுக்கே திரும்பியது. அடுத்த வருடம் கைகாத்து கொல்லப்பட்டார். பின்னர் இஸ்லாத்தைத் தழுவி ஆண்ட கஸான், நாடெங்கும் ஒரே நிறையில் வெள்ளிக் காசு அடித்து நம்பிக்கையை மீட்டார்.

மறுப்பு கெய்ரோவில் இருக்கிறது. அங்கே தாள் இல்லை. மம்லூக் சுல்தான் பர்கூக்கின் காலத்திலிருந்து செப்பு ஃபுலூஸை அளவில்லாமல் அடித்துத் தள்ளினார்கள். வெள்ளி மறைந்தது, விலை ஏறியது. 1405 அளவில் வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். சாதாரணச் சனங்களின் பஞ்சத்துக்கு மழையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், ஆட்சியாளரின் ஊழலையும் கட்டுக்கடங்காத செப்பையும் பாருங்கள் என்பது அவருடைய வாதம். குத்தி, உலோகம் என்பதற்காகக் காசு நேர்மையாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தாளா குத்தியா என்பதல்ல பிரச்சினை. எண்ணுக்குப் பின்னால் அளவு இருக்கிறதா என்பதுதான்.

எண்ணும் அளவும்

நம் இமாம்கள் இதை அறியாதவர்களல்லர். ஃபுலூஸின் பெறுமதி மாறினால் பழைய கடனை எப்படித் தீர்ப்பது என்று அவர்கள் வாதித்திருக்கிறார்கள். கடன் பட்ட நாளின் பெறுமதியைக் கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூஸுஃபின் கருத்து. நம் ஷாஃபிஈ மத்ஹபிலோ வாங்கியதற்கு ஒத்ததையே கொடுப்பது. நம் காலத்தில், 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, தாள் காசு தங்கம் வெள்ளியைப் போல முழுமையான காசு, ஸகாத்தும் வட்டிச் சட்டமும் அதற்கு உண்டு என்றது. 1988இல் குவைத்தில், கடனை விலைவாசியோடு கட்ட முடியாது, எண்ணிக்கையில் ஒத்ததையே திருப்ப வேண்டும் என்றது. வட்டிக்குக் கதவு திறந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

ஆகவே சட்டப்படி மாமாவின் பதினொரு குத்தி சரி. எங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டபோதும் அவர் அதைத்தான் சொன்னார். "கடன் இறங்கிட்டு. ஆனா நபியவங்க வாங்கின ஒட்டகத்தைவிட நல்ல ஒட்டகத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. அது சட்டமில்ல, அழகு" என்றும் சொன்னார்.

அந்தப் பேச்சு மாமாவுக்குள் போய்த் தங்கியிருக்க வேண்டும். அந்த வருட நோன்பில் அவர் நாலு மூடை அரிசி எடுத்து, எங்கள் தெருவில் கைம்பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு மூத்தம்மாவின் பெயரில் கொடுத்தார். 404 கொத்துக்கு அது பாதியளவுதான். அவருடைய கைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

எனக்கு விளங்கியது இது. ஃபித்ராவை நாம் ரூபாவில் விதிக்கவில்லை. ஒரு ஸாஉ என்று அளந்து கொடுக்கிறோம். ஆயிரத்து நானூறு வருடத்தில் எத்தனை அரசுகளின் காசு மாறியும் ஏழையின் கையில் விழும் அந்த ஸாஉ குறையவில்லை. வெள்ளியின் நிஸாபும் நிறையில்தான் நிற்கிறது. எண்ணில் எழுதியவை கரைந்துபோயின, அளவில் எழுதியவை நின்றன. மஹர், வக்ஃபுக் கடையின் நீண்டகால வாடகை, சகோதரர்களுக்கிடையே பல வருடத்துக்கென்று கொடுக்கும் கைமாற்று ஆகிய மூன்றையும் நாம் இன்னும் வெறும் ரூபா எண்ணில் எழுதிவிட்டு மறந்து போகிறோம். அதிலும் மஹரில் நட்டப்படுகிறவள் எப்போதும் பெண்தான். கைக்கூலியை ரொக்கமாகவும் வீடாகவும் வளவாகவும் உடனே வாங்கிக்கொள்ளும் சமூகம், மஹரை மட்டும் பிறகு என்று எழுதி, அந்தப் பிறகு வரும்போது குத்தியில் கொடுக்கிறது.

போன வருடம் சின்னச் சாச்சியின் மகளுக்கு நிகாஹ். காவின் எழுதும்போது மஹர் என்ன என்று கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தொகையைச் சொல்ல வாயெடுத்தார்கள். பெரிய மாமா குறுக்கிட்டார்.

"ரூபாவில வேணாம். ரெண்டு பவுண் எண்டு நிறையைப் போடுங்க. கையில குடுத்த பிறகுதான் எழுதுங்க."

மாப்பிள்ளையும் சம்மதித்தார். உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. மூத்தம்மாவின் முடிச்சு இப்போது உம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. அந்தப் பதினொரு குத்தியில் பத்து ரூபாக் குத்திகள் பத்தையும் பள்ளி உண்டியலில் போட்டுவிட்டு, ஒற்றை ரூபாக் குத்தியை மட்டும் உம்மா அந்த முடிச்சுக்குள் வைத்திருக்கிறா. 1952இன் ஒரு ரூபாத் தாளுக்குப் பக்கத்தில்.